முகதாட்சண்யத்தில் விற்ற டப்பா

டப்பர்வேர் கிண்ணத்தை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூடியை விளிம்பில் சுற்றிலும் பொருத்த வேண்டும். பிறகு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடியே, ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கட்டைவிரலால் லேசாகத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். உடனே விளிம்பை அழுத்திவிட்டால் முடிந்தது. உள்ளே அழுத்தம் குறைந்துவிடுவதால் வெளிக்காற்றே மூடியைப் பிடித்துக்கொள்ளும். கைக்குழந்தைக்கு ஏப்பம் எடுத்துவிடுவது போல டப்பாவுக்கும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அமெரிக்கப் பெண்கள் ஒருவருக்கொருவர் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து, நானும் அப்படியே சொல்லித்தான் விற்றேன்.

அந்த மூடியைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது தானாகவே மூடிக்கொள்கிற மூடியாக இருந்திருந்தால், இந்தக் கதையில் பெண்களுக்கு வேலையே இருந்திருக்காது. எல்லாச் சாமானையும் போல இதுவும் கடை அலமாரியில் உட்கார்ந்தே விற்றிருக்கும்.

கண்டுபிடித்தவர் ஏர்ல் சைலஸ் டப்பர். 1907இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நோயுற்ற மரங்களைப் பராமரிக்கும் தொழில் செய்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அது நொடித்து 1936இல் திவாலானார். மறு வருடம் மாசசூசெட்ஸில் லெமின்ஸ்டர் என்ற ஊரில் டூபாண்ட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். லெமின்ஸ்டர் பல தலைமுறையாகச் சீப்பு செய்யும் ஊர். முதலில் மாட்டுக்கொம்பில் செய்தார்கள், பிறகு செல்லுலாய்டில் செய்தார்கள். அப்படியே பிளாஸ்டிக் ஊராகிவிட்டது. டப்பர் அங்கே ஒரு வருடம்தான் இருந்தார். தொழிலைக் கற்றுக்கொண்டு 1938இல் தனிக் கம்பெனி தொடங்கினார்.

அவர் கைக்கு வந்த பொருளுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பாலிஎத்திலீனை 1933இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஐ.சி.ஐ. ஆலையின் விஞ்ஞானிகள் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்ஸனும் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடார் கம்பிகளுக்கு உறை போட அது பயன்பட்டது. எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் பாலிஎத்திலீன் கசடு டூபாண்டுக்கு உபயோகமில்லாத குப்பை. கறுப்பாக, கெட்டியாக, நாற்றமடிக்கும் அந்தக் கட்டிகளைத்தான் டப்பர் வாங்கிவந்தார். சுத்தம் செய்து, அச்சில் வார்க்கும் பக்குவம் தெரிந்துகொண்டு, ஒளி ஊடுருவும் மெல்லிய கிண்ணமாக மாற்றினார். கீழே போட்டால் உடையாது, அமுக்கினால் வளையும், விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வொண்டர்லியர் என்று பெயரிட்ட அந்தக் கிண்ணம் 1946இல் வந்தது. பெயின்ட் டப்பாவின் மூடியைத் தலைகீழாக யோசித்து மூடியை உருவாக்கினார். 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டு 1949இல் வாங்கிவிட்டார்.

பத்திரிகைகள் கொண்டாடின. ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ பத்திரிகை 1947இல் அதை 39 சென்ட்டுக்குக் கிடைக்கும் கலைப்பொருளாகவே பாராட்டி எழுதியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் பிற்பாடு இடம் கிடைத்தது. கடையில் மட்டும் விற்கவில்லை.

விற்காததில் ஆச்சரியம் இல்லை. அன்றைய அமெரிக்க இல்லத்தரசிக்கு பிளாஸ்டிக் என்றால் நாற்றமடிக்கும், எளிதில் உடையும், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் மட்டமான சாமான். மிச்சமான உணவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேலே தட்டை வைத்து மூடுவாள்; இல்லாவிட்டால் மெழுகுத்தாளையோ ரப்பர் சுருக்கு வைத்த துணி உறையையோ மாட்டுவாள். கடையில் டப்பரின் கிண்ணத்தை எடுத்துப் பார்ப்பாள், மூடியை மேலே வைத்து அழுத்துவாள், அது ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் எழும்பும். வாங்கிப்போனவர்களில் சிலர் மூடி சேரவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்களாம். காற்றை வெளியேற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கடைப் பையனுக்கும் தெரியாது.

சொல்லக்கூடியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். மாசசூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் ஃபிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் என்பவர் 1931இல் தொடங்கிய ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ், தரை துடைப்பான்களையும் பிரஷ்களையும் வீடு வீடாக விற்றுவந்தது. கதவைத் தட்டி ஒவ்வொருத்தியாக விற்பதைவிட, ஒருத்தி வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி விற்றால் லாபம் என்று அந்த விற்பனையாளர்கள் கண்டுகொண்டார்கள். கூட்டும் வீட்டுக்காரிக்கு ஒரு பரிசு. வீட்டுப் பார்ட்டி விற்பனை டப்பருக்கு முன்பே இருந்தது. அவர் கிண்ணத்துக்கு அது தேவைப்பட்டதுபோல வேறு எந்தப் பொருளுக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பிரௌனி வைஸ் அங்கிருந்து வந்தவர். 1913இல் ஜார்ஜியா மாநிலத்தின் புஃபோர்டில் பிறந்தவர். கணவரைப் பிரிந்து, டெட்ராய்ட் அருகே ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். விமானப் பாகங்கள் செய்யும் பெண்டிக்ஸ் கம்பெனியில் செயலாளர் வேலை. மேல்வருமானத்துக்கு ஸ்டான்லி பிரஷ் விற்பனை. ஸ்டான்லியில் உயர் பதவிக்கு ஆசைப்பட்டபோது நிர்வாகம் பெண்களுக்கான இடமல்ல என்று பெவரிட்ஜே சொன்னதாக ஒரு கதை உண்டு. எப்படியோ, 1940களின் கடைசியில் வைஸ் பிரஷ்ஷை விட்டு டப்பரின் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். 1950இல் மகனோடும் தாயோடும் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் பார்ட்டி வைத்து விற்றார்.

மாசசூசெட்ஸிலிருந்து சரக்கு சரியாக வந்துசேரவில்லை. 1951இல் ஒருநாள் பொறுமை இழந்து டப்பருக்கே தொலைபேசியில் கூப்பிட்டுச் சண்டை போட்டார். கடைகளில் தூங்கும் தன் சரக்கை ஒருத்தி இவ்வளவு விற்கிறாளே, எப்படி என்பதுதான் டப்பருக்குக் கேட்க வேண்டியிருந்தது. அதே வருடம் வைஸை வீட்டு விற்பனைப் பிரிவின் துணைத் தலைவராக்கினார். கடைகளிலிருந்து டப்பர்வேரை முழுக்க விலக்கிக்கொண்டார். கடையே வேண்டாம் என்று ஓர் உற்பத்தியாளர் முடிவெடுப்பது இன்றைக்கும் பெரிய துணிச்சல்.

அமெரிக்காவில் அது குளிர்ப்பெட்டி வந்த காலம், புறநகர்கள் முளைத்த காலம். போரிலிருந்து திரும்பிய ஆண்களுக்காக ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார்கள். போர்க்காலத்தில் ஆலைகளில் வேலை செய்து கைநிறையச் சம்பாதித்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது வீடு, புதுக் குளிர்ப்பெட்டி, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாத தெரு, கணவன் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு நீளும் பகல். அங்கே போய் ‘இன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வாங்க, விளையாட்டு இருக்கு, காபி இருக்கு’ என்றால் வராமல் இருப்பார்களா?

பார்ட்டி எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கூடத்தில் வட்டமாக நாற்காலிகள். நடுவில் மேசை, அதன் மேல் வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, பச்சை நிறக் கிண்ணங்கள். முதலில் விற்பனை கிடையாது, விளையாட்டு. உங்கள் கணவரை விற்பதானால் என்ன விளம்பரம் எழுதுவீர்கள் என்று கேட்டுத் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். எழுதியதைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது வெட்கமும் சிரிப்புமாக அறை இளகிவிடும். பிறகு டீலர் எழுந்து ஒரு கிண்ணத்தில் திராட்சைச் சாற்றை நிரப்பி, மூடி, ஏப்பம் எடுத்து, எதிரே இருப்பவளை நோக்கித் தூக்கி எறிவாள். கார்ப்பெட் மேல் ஒரு சொட்டு சிந்தாது. ஒவ்வொருத்தி கையிலும் கிண்ணத்தைக் கொடுத்து மூடவைப்பாள். மூடத் தெரிந்துவிட்டால் பாதி விற்ற மாதிரி.

பார்ட்டி அமையாத இடத்தில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரியிடம் கேரட்டைக் கொடுத்து, சிலதை டப்பர்வேரிலும் சிலதை அவள் வழக்கமாக வைக்கும் விதத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சில நாள் கழித்துப் போனால் வாடிய கேரட் பேசிக்கொள்ளும்.

பார்ட்டியின் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஆர்டர் சீட்டுகள் கைமாறும்போதே டீலர் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவாள்: அடுத்தது யார் வீட்டில்? கூடத்தைக் கொடுத்த வீட்டுக்காரிக்குக் கிடைக்கும் பரிசைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கையைத் தூக்குவார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனி உறவு, தனித்தனி சிநேகிதக் கூட்டம். அன்றைய விற்பனையைவிட அடுத்த இரண்டு தேதிகளுக்குத்தான் டீலரின் கண் இருக்கும். 1954 வாக்கில் அமெரிக்காவில் டீலர், மேனேஜர், டிஸ்ட்ரிபியூட்டர் என்று சுமார் 20,000 பேர் இந்தச் சங்கிலியில் இருந்தார்கள். அந்த வருடம் ஏப்ரலில் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் பிரௌனி வைஸ் வந்தார். அந்த அட்டையில் ஒரு பெண் தனியாக வந்தது அதுவே முதல் தடவை.

ஃபுளோரிடாவில் கிஸ்ஸிமி என்ற மாட்டுப்பண்ணை ஊர்ப்பக்கம் கம்பெனியின் தலைமையகம் எழுந்தது. பக்கத்தில் டிஸ்னி உலகம் வர இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தது. ஆண்டுதோறும் டீலர்களை அங்கே வரவழைத்து ஜூபிலி என்று திருவிழா நடத்தினார் வைஸ். 1954 ஜூபிலியில் மைதானத்தில் பரிசுகளைப் புதைத்துவைத்து, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்துத் தோண்டச் சொன்னார். மோதிரமும் மென்மயிர் அங்கியும் மண்ணிலிருந்து வெளியே வந்தன. பொம்மைக் கார் கிடைத்தவளுக்கு நிஜக் கார். டப்பர் வாங்கிவந்த அந்தப் பழைய கறுப்புக் கசடில் ஒரு கட்டியை வைஸ் எப்போதும் பத்திரமாக வைத்திருந்தார். ‘பாலி’ என்று அதற்குப் பெயர். அதைத் தொட்டு வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பார். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் தொட்டு வேண்டிக்கொண்டார்கள். கேலி செய்யத் தோன்றுகிறது. ஆனால் வேறெங்கும் யாரும் அந்தப் பெண்களின் பெயரை மேடையில் கூப்பிட்டுக் கைதட்டவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மனைவி நன்றாக விற்று மேலே வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பதவி தம்பதிக்குக் கிடைக்கும். கணவன் வேலையை விட்டுவிட்டு வந்து கிடங்கையும் கணக்கையும் பார்ப்பான். பல இடங்களில் அவனே முதலாளி. அவள் கூடம் கூடமாகச் சிரித்துப் பேசிச் சேர்த்த தொழில். டப்பர்வேரை ஆராய்ந்த அலிசன் கிளார்க்கின் நூல் 1999இல் வந்தது. பெண்ணின் வீட்டுவாழ்க்கையை மீறாமலே அவளுக்குச் சம்பாத்தியம் தந்த அமைப்பு என்று அதைப் படித்தபின் எனக்குப் புரிந்தது. மீறாமல் என்பதில்தான் வசதியும் சிக்கலும்.

சிக்கல் முதலில் வைஸுக்கே வந்தது. கம்பெனியின் முகமாக ஊர் அவரைப் பார்த்தது. கூச்ச சுபாவமுள்ள டப்பருக்கு அது உறுத்தியது. இருவருக்கும் கடிதத்தில் மோதல் வளர்ந்தது. 1958 ஜனவரியில் வைஸை வெளியேற்றினார்கள். அவரிடம் கம்பெனியின் ஒரு பங்குகூட இல்லை. ஏரிக்கரையில் அவர் குடியிருந்த பெரிய வீடும் கம்பெனி வீடு. வழக்குத் தொடுத்துக் கடைசியில் கிடைத்தது சுமார் 30,000 டாலர், ஒரு வருடச் சம்பளம். அதே வருடம் டப்பர் கம்பெனியை ரெக்ஸால் மருந்து நிறுவனத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு அமெரிக்கக் குடியுரிமையையும் விட்டுவிட்டு கோஸ்டாரிகாவில் குடியேறி 1983இல் இறந்தார். வைஸ் சொந்தமாக அழகுசாதனப் பார்ட்டிக் கம்பெனி வைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. 1992இல் கிஸ்ஸிமியிலேயே இறந்தார். கம்பெனி தன் வரலாற்றைச் சொல்லும்போது அவர் பெயரை நெடுங்காலம் சொல்லவே இல்லை.

பார்ட்டி மட்டும் கடல் தாண்டிப் போனது. 1960இல் இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜில் முதல் பார்ட்டி நடந்தது. பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான். இந்தியாவுக்கு 1996இல் வந்தது. சென்னையில் எங்கள் தெருவை அது எட்டியபோது என் பெரிய பெண் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

எங்கள் அடுக்களையில் அதற்கு முன்பு என்ன இருந்தது? பருப்புக்கும் மிளகாய்க்கும் எவர்சில்வர் சம்படம். சர்க்கரைக்கு ஹார்லிக்ஸ் பாட்டில். பால் பவுடர் டின்னில் வெல்லம், அதன் மேல் எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள்தூள். தாளிக்கிற சாமானுக்கு அஞ்சறைப்பெட்டி. பிளாஸ்டிக் என்பது பக்கெட்டும் குடமும்தான். பழைய புடவையைப் போட்டால் தெருவில் வருகிறவன் கொடுத்துவிட்டுப் போவான். அப்படி ஓசியில் கிடைக்கும் பொருளுக்கு நான் நூறு நூறாக விலை சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ‘ஏன்க்கா, டப்பாவுல தங்கம் கிங்கம் போட்டுருக்காங்களா?’ என்று கீழ்வீட்டு மல்லிகா கேட்டாள்.

அமெரிக்காவின் திராட்சைச் சாறு இங்கே எடுபடாது என்று எனக்குத் தெரியும். அமெரிக்கக்காரிக்கு மிச்சமான உணவு குளிர்ப்பெட்டியில் காய்ந்துபோகக் கூடாது. மிச்சத்தை மறுநாள் சாப்பிடுவதைப் பற்றி எங்கள் தெருவில் பெருமையாகப் பேச முடியாது. எங்கள் கவலை வேறு: முறுக்கு நமத்துப்போகக் கூடாது. ஐப்பசி மழையில் சென்னையின் காற்றே ஈரத்துணிதான். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கும் தட்டையும் எவர்சில்வர் டின்னில் நாலு நாள் தாங்காது. ஆகவே பார்ட்டிக்குப் பத்து நாள் முன்பே ஒரு பிடி அப்பளத்தைப் பொரித்து டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவேன். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு திறந்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, ஒரே நேரத்தில் கடிக்கச் சொல்வேன். கூடம் முழுக்க ‘மொறுக்’ என்று சத்தம் கேட்கும். அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

தண்ணீர் வித்தையும் உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூடி, வந்தவர்களில் நல்ல பட்டுப்புடவை கட்டியிருப்பவளின் மடிக்கு மேலே கவிழ்த்துப் பிடிப்பேன். அவள் ‘ஐயோ அக்கா’ என்று பதறி எழப்போவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், ஒரு சொட்டு விழாது. வெற்றிக்குக் காரணம் கிண்ணமா, அந்தப் பதற்றமா என்று கேட்டால் இரண்டும்தான்.

குறையும் தெரிந்தே இருந்தது. சாம்பார் வைத்தால் பிளாஸ்டிக்கில் மஞ்சள் ஏறும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கேட்பவர்களிடம் ஒளிக்க மாட்டேன். இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைங்க, மஞ்சள் வெளுத்துவிடும் என்பேன். வெயில்பட்டால் மஞ்சள் நிறம் நிற்காது என்பது புடவையில் கறைபட்டுக் காயப்போட்ட எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உண்மையில் எங்கள் பக்கம் ஆர்டர் குவிந்தது கிண்ணத்துக்கு அல்ல, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை கொண்டுபோனால் மறுநாளே மற்ற அம்மாக்களிடமிருந்து எனக்கு ஃபோன் வரும்.

இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த புது வித்தை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தெருவில் புடவைக்காரம்மா பல வருடமாக அதையே செய்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்திலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் மூட்டை கட்டிவருவார். யாராவது ஒருத்தி வீட்டுத் திண்ணையில் பிரிப்பார். பத்துப் பேர் கூடுவோம். மாதம் இவ்வளவு என்று தவணை, ஒரு நோட்டுப்புத்தகத்தில் கணக்கு. திண்ணை கொடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு ரவிக்கைத்துணி. கேசரியும் விளையாட்டும் மட்டும்தான் இல்லை. பிரௌனி வைஸ் கண்டெடுத்த முதலீடு எங்கள் தெருவிலும் தயாராகவே இருந்தது. அதன் பெயர் முகதாட்சண்யம்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தி கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, கேசரி கிண்டி, காபி போட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் ஆர்டரைப் பொறுத்துத்தான் அவளுக்குப் பரிசு. அவள் பிள்ளைதான் உங்கள் பிள்ளையைச் சைக்கிளில் டியூஷனுக்குக் கூட்டிப்போகிறான். நீங்கள் வெறுங்கையோடு எழுந்து வருவீர்களா? குறைந்தபட்சம் ஒரு டம்ளர் செட்டாவது எழுதிவிட்டுத்தான் வருவீர்கள். 1990இல் ஜோனதன் ஃப்ரென்சன், ஹாரி டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதே மாதிரி வீட்டுப் பார்ட்டிகளைப் பரிசோதித்தார்கள். பொருள் பிடித்திருக்கிறதா என்பதைவிட, வீட்டுக்காரியோடு உள்ள நெருக்கமே வாங்கவைக்கிறது என்று கண்டார்கள். புடவைக்காரம்மா படிக்காமலே வைத்திருந்த ஞானம் அது.

முகதாட்சண்யத்தை முதலாகப் போட்டால் ஆரம்பத்தில் வட்டி கொட்டும். ஆனால் அது எடுக்க எடுக்கக் குறையும் முதல். என் தெரு முடிந்தது. கணவரின் அலுவலகத்து மனைவிகள் முடிந்தார்கள். தங்கையின் மாமியார் வீடும் முடிந்தது. கடைசியில் நான் எதிரே வருவதைப் பார்த்தாலே சிலர் தெருவின் மறுபக்கம் மாறத் தொடங்கினார்கள். டப்பா உடையாது, ஆயுளுக்கும் உத்தரவாதம் என்று நானே சொல்லித்தானே விற்றேன்? உடையாத பொருளை வாங்கியவள் இரண்டாம் முறை எதற்கு வாங்க வேண்டும்? எனக்கு வந்த வருமானத்தில் பெரிய பெண்ணின் கல்லூரிச் சேர்க்கைப் பணத்தில் ஒரு பங்கு கட்டினேன். அந்த ரசீதைக் கணவர் கையில் கொடுத்தபோது இருந்த நிமிர்வு இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சிநேகிதத்தில் ஏற்பட்ட சுருக்கங்களும் ஞாபகம் இருக்கின்றன. பழைய டப்பாவைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

அமெரிக்காவிலும் இதுதான் பெரிய அளவில் நடந்தது. 1970களுக்குப் பிறகு பெண்கள் அலுவலகம் போனார்கள். மத்தியானக் கூடங்கள் காலியாயின. வேலையிலிருந்து திரும்பியவளுக்குச் சாயங்காலம் பார்ட்டி ஒரு சுமை. இறுக மூடும் டப்பா எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைத்தது. மூடக் கற்றுக்கொள்ள யாரும் தேவைப்படவில்லை. 2003இல் பிரிட்டனில் பார்ட்டிகளை நிறுத்தினார்கள். 2022இல் 71 வருட வைராக்கியத்தை விட்டு அமெரிக்காவில் டார்கெட் கடைகளின் அலமாரிக்குத் திரும்பினார்கள். 2024 செப்டம்பரில் 80 கோடி டாலருக்கும் மேலான கடனோடு திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது கம்பெனி. மரவைத்தியம் பார்த்தவர் திவாலாகித் தொடங்கிய கதை அது.

அந்தப் பழைய கிண்ணங்களை இப்போது அங்கே சேகரிக்கிறார்கள். 1950களின் வெளிர் நிறங்களுக்கும், 1970களின் ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழப் பச்சை, முற்றிய கதிரின் மஞ்சள் நிறங்களுக்கும் தனித்தனி ஆர்வலர்கள். பாட்டியின் அடுக்களை அப்படியே கண்முன் வருகிறது என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த அடுக்களைக்கு டப்பா வந்த வழியையும் சேர்த்து நினைக்கலாம். டப்பரின் காகிதங்களும் வைஸின் காகிதங்களும் வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வைஸ் பெயரை மறைத்த கம்பெனியை மீறி, இந்த ஆவணங்களை வைத்துத்தான் பிற்பாடு நூலும் படமும் வந்தன.

எனக்கு ஏக்கம் இருக்கிறதா என்று கேட்டால், கேசரியை நினைத்து இருக்கிறது, நட்புக்காக வாங்கியே ஆக வேண்டிய நெருக்கடியை நினைத்து இல்லை. இப்போது என் சின்னப் பெண் ஆப்பில் அமுக்கினால் பத்து நிமிடத்தில் கண்ணாடி டப்பா வாசலுக்கு வருகிறது. யார் மனமும் நோகவில்லை, யாரும் கூடத்தில் உட்காரவும் இல்லை. கூடிப் பேசாமல் விற்க முடிவது முன்னேற்றம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருக்கும் பெண் நாலு காசு பார்க்கும் வழி அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தால் மூன்றாம் மாடிக்காரி மாவடு விற்கிறாள், ஏழாம் மாடிக்காரி எள்ளுருண்டை விற்கிறாள், அடுத்த பிளாக்கில் சுங்குடிச் சேலை. நானும் வாங்குகிறேன், பாதி ருசிக்காக, பாதி முகதாட்சண்யத்துக்காக. வைஸின் முதலீடு அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், மேலே டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, தலைமையகம் கிடையாது. தாட்சண்யத்தில் வந்த லாபம் மாவடு போட்டவள் கையிலேயே நிற்கிறது. அந்த ஒரு வித்தியாசம் 1958இல் இல்லாமல்தான் பிரௌனி வைஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.